சம்பளத்துக்குக் களை பறித்த பிள்ளைகள்: பாஸ்டன் ‘ஃபுட் புராஜெக்ட்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

நகரத்துப் பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒருநாள் தோட்டத்துக்குக் கூட்டி வருவது பெரிய காரியமில்லை. ஒரு சனிக்கிழமை வண்டி வைத்துக் கூட்டிப்போய், ஆளுக்கொரு நாற்று நடவைத்து, போட்டோ எடுத்து, வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம். அடுத்த சனிக்கிழமையும் வருவார்களா, வெயிலில் குனிந்து களை பறிக்க வருவார்களா, அடுத்த வருடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நிற்பார்களா என்பதில்தான் சிரமம் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரத்தை ஒட்டி 1991-இலிருந்து நடந்துவரும் ‘தி ஃபுட் புராஜெக்ட்’ என்ற இளைஞர் விவசாய அமைப்பு இந்தச் சிரமத்தை முப்பது வருடத்துக்கு மேலாக நேருக்கு நேர் சந்தித்துவருகிறது. அதன் வழியைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இளைஞர் திட்டங்கள் பிள்ளைகளிடம் மிகக் குறைவாகக் கேட்கின்றன. பதினைந்து வயதுக்குப் பொழுதுபோக்கும் விழிப்புணர்வும் போதும் என்று நினைத்துக்கொள்கின்றன. ஃபுட் புராஜெக்ட் நிறையக் கேட்டது. கேட்டதற்குச் சம்பளம் கொடுத்தது. தப்பு செய்தால் சம்பளத்தில் பிடித்தது. விளைந்த காயை வாங்க நிஜமாகவே ஆள் காத்திருந்தார்கள். பிள்ளைகள் நின்றார்கள்.

லிங்கன் என்ற ஊரும் டட்லி என்ற தெருவும்

வார்ட் செனி என்ற விவசாயி இதைத் தொடங்கியது பாஸ்டனுக்கு மேற்கே, ரயிலில் போய்வரும் தூரத்திலுள்ள லிங்கன் என்ற வசதியான புறநகரில். அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. விளைவது பசித்தவர்களுக்குப் போக வேண்டும். விளைவிக்கும் பிள்ளைகள் நகரத்திலிருந்தும் புறநகரிலிருந்தும் சேர்ந்து வர வேண்டும். இரண்டாவது ஆசை எவ்வளவு பெரியது என்பது பாஸ்டனின் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். 1974-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கறுப்பினப் பிள்ளைகள் ஏறிவந்த பேருந்துகள் மேல் கல்லெறிந்த ஊர் அது. அந்தக் காயம் ஆறாத ஒரு காலத்தில், நகரத்துக்குள் இருக்கும் ராக்ஸ்பரியிலிருந்து ஒரு பிள்ளையும் லிங்கனிலிருந்து ஒரு பிள்ளையும் ஒரே பாத்தியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து களை எடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தார். மேடை போட்டு ‘ஒற்றுமை’ பேசுவதைவிட இது நல்ல வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. களை எடுக்கும்போது கை வேலையில் இருக்கும்; வாய் சும்மா இருக்காது. ஒரு மணி நேரத்தில் வீடு, பள்ளி, பாட்டு, பயம் எல்லாம் பேச்சில் வந்துவிடும்.

லிங்கன் வயலோடு நின்றிருந்தால் இது இன்னொரு கிராமப்புற முகாமாகவே இருந்திருக்கும். 1990களின் நடுவில் இவர்கள் நகரத்துக்குள்ளேயே, டட்லி பகுதிக்கு வந்தார்கள்.

டட்லி என்பது ராக்ஸ்பரியும் வடக்கு டார்செஸ்டரும் சேரும் இடம். கறுப்பினத்தவர், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள் எனக் கலந்து வாழும் பகுதி. 1960களிலிருந்து 80கள் வரை அங்கே நடந்தது கொடுமை. வங்கிகள் கடன் தர மறுத்தன. வீட்டுக்காரர்கள் பராமரிப்பதை விட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டடங்கள் கொளுத்தப்பட்டன. சுமார் 1,300 மனைகள் காலியாயின. பகுதியின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காலி மனைகளில் வெளியூர் லாரிகள் ராத்திரியில் வந்து இறைச்சிக் கழிவு, பழைய கார், கட்டட இடிபாடு என்று கொட்டிவிட்டுப் போயின.

1984-இல் பகுதி மக்களே சேர்ந்து ‘டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். குப்பை கொட்டுவதற்கு எதிரான இயக்கம்தான் அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. அப்புறம் 1988-இல், காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே பாஸ்டன் நகர மறுவளர்ச்சி ஆணையத்திடமிருந்து பெற்றார்கள். ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு இப்படிப்பட்ட அதிகாரம் கிடைத்தது அமெரிக்காவில் அதுவரை கேள்விப்படாத ஒன்று. நிலத்தைத் தங்கள் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் வைத்துக்கொண்டார்கள். இன்று அந்த அறக்கட்டளையிடம் 30 ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. வீடு, பூங்கா, தோட்டம் எல்லாம் அதில் அடக்கம்.

நிலத்தின் கதையை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. சமூகத் தோட்டங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்ட நிலத்தில் தொடங்கும். தோட்டத்தால் தெரு அழகாகும், தெரு அழகானால் மனை விலை ஏறும், விலை ஏறியதும் தோட்டம் விற்கப்படும். 1999-இல் நியூயார்க் மேயர் ருடால்ஃப் ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியபோது நடந்தது அதுதான். நிலம் வாங்கிப் பாதுகாக்கும் அமைப்புகள் பணம் திரட்டித்தான் அவற்றை மீட்க வேண்டியிருந்தது. டட்லியில் பிள்ளைகள் உழுத நிலம் பகுதி மக்களின் பிடிக்குள் இருந்தது. ஐந்து வருடம் கழித்து வந்து பார்த்தாலும் தான் போட்ட பாத்தி அங்கேயே இருக்கும் என்ற உறுதி ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருந்தால், அது வேலை செய்யும் விதமே வேறு.

கோடை வேலை

14 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகள் விண்ணப்பம் போடுகிறார்கள். நேர்காணல் நடக்கிறது. தேர்வானவர்கள் ஜூலை, ஆகஸ்டில் ஆறேழு வாரம் முழுநேரம் வேலை செய்கிறார்கள். இந்த முதல் நிலைக்கு ‘சீட் க்ரூ’ என்று பெயர், விதை அணி. பத்துப் பேர் அளவில் சிறு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். உதவித் தலைவராக இருப்பது முந்தைய வருடங்களில் அதே வேலையைச் செய்து முடித்த ஒரு பிள்ளை.

கோடை முடிந்த பிறகு விருப்பமும் தகுதியும் உள்ளவர்கள் ‘டர்ட் க்ரூ’வுக்குப் போகிறார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் சனிக்கிழமைகளில் வேலை. தன்னார்வலர்களாக வரும் பெரியவர்களுக்கு மண்வெட்டி பிடிக்கவும் கேரட் பிடுங்கவும் இவர்கள் சொல்லித் தர வேண்டும். ஏதோ கம்பெனியில் மேலாளராக இருப்பவரைப் பதினைந்து வயதுப் பெண் நிறுத்தி, ‘இப்படிப் பிடுங்கினால் தண்டு ஒடிந்துவிடும்’ என்று காட்டிக்கொடுக்கிறாள். அதற்கும் மேலே ‘ரூட் க்ரூ’. அங்கே சந்தை நடத்துவது, பயிற்சிப் பட்டறை நடத்துவது, பகுதியின் உணவுப் பிரச்சினைகளைப் படித்து முன்வைப்பது என்று பொறுப்பு கூடுகிறது. விதை, மண், வேர் என்று பெயர் வைத்ததைவிட, ஏறுவதற்குப் படி வைத்ததுதான் முக்கியம். முதல் வருடம் செய்ததையே மூன்றாம் வருடமும் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளை வரும்?

வேலை முதல் நாளிலேயே ஒப்பந்தம் கைக்கு வந்துவிடும். எதை எதிர்பார்க்கிறோம், மீறினால் என்ன ஆகும் என்று எழுத்தில் இருக்கும். தாமதமாக வந்தாலோ, தகாத வார்த்தை பேசினாலோ, வேலையில் மெத்தனம் காட்டினாலோ முதலில் எச்சரிக்கை, அப்புறம் சம்பளத்தில் பிடித்தம். அடுத்த வாரம் ஒழுங்காக வேலை செய்தால் போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். தொடர்ந்து மீறினால் வேலை போகும். கேட்பவர்களுக்கு இது கறாராகத் தெரியலாம். எனக்கு இதில் மரியாதை தெரிகிறது. ஏற்றத்தாழ்வு பிரித்த ஒரு நகரத்தில், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே சட்டம், ஒரே அபராதம், ஒரே சலுகை. ‘பாவம், அவன் வீட்டில் கஷ்டம்’ என்று ஒருவனுக்கு மட்டும் தளர்த்தினால் அந்தக் கணமே அவன் மற்றவர்களைவிடக் குறைந்தவன் ஆகிவிடுகிறான். திரும்பச் சம்பாதிக்கும் வழி இருப்பதால் தண்டனை அவமானமாக முடிவதில்லை.

பணம் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் நிறைய. சேவை மனப்பான்மை போய்விடும், காசுக்காகத்தான் வருவார்கள் என்பார்கள். காசுக்காக வரட்டுமே. கோடையில் கடையில் வேலை பார்த்து வீட்டு மளிகைக்குக் காசு கொடுக்க வேண்டிய பிள்ளையால் இலவசத் தோட்ட முகாமுக்கு வர முடியாது. சம்பளம் இல்லாத திட்டம் யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்று பார்த்தாலே போதும்.

ஸ்ட்ரெயிட் டாக்

இந்த அமைப்பிலிருந்து மற்றவர்கள் அதிகம் எடுத்துக்கொண்டது ஒரு சந்திப்பு முறை. ‘ஸ்ட்ரெயிட் டாக்’ என்கிறார்கள், நேர்ப் பேச்சு. குழு வட்டமாக உட்காரும். குழுத் தலைவர் ஒவ்வொரு பிள்ளையிடமும், எல்லார் முன்னாலும், இந்த வாரம் நீ செய்ததில் நன்றாக இருந்தவை இவை என்று சொல்வார். பொத்தாம்பொதுவாக ‘சூப்பர்’ சொன்னால் போதாது. தக்காளிக் கொடி கட்டும்போது கயிறு தீர்ந்துபோனதும் யாரும் சொல்லாமலே நீ போய் எடுத்து வந்தாய், புதிதாக வந்தவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது நீ பக்கத்தில் போய்ச் சாப்பிட்டாய் என்கிற மாதிரி, கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மாற்றிக்கொள்ள வேண்டியவை. அதுவும் அப்படியே: மதியத்துக்குப் பிறகு நீ பாதி வரிசையில் நின்றுவிடுகிறாய், மீதியை மற்றவர்கள் முடிக்கிறார்கள். கேட்பவர் வாதாடுவதில்லை, கேட்டுக்கொள்கிறார்.

கோடை போகப் போக, பிள்ளைகளே ஒருவருக்கொருவர் இப்படிச் சொல்லப் பழகுகிறார்கள். தலைவருக்கும் சொல்கிறார்கள். ‘நீங்கள் எங்களை அவசரப்படுத்துகிறீர்கள், காரணம் சொல்வதில்லை’ என்று ஒரு பிள்ளை பெரியவரைப் பார்த்துச் சொல்ல, பெரியவரும் அதே விதிப்படி வாயை மூடிக் கேட்க வேண்டும். இது நடக்காத இடத்தில் இந்த முறை வெறும் குறை சொல்லும் கூட்டமாகிவிடும் என்பதை இதைக் கடன் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். பள்ளியில் மதிப்பெண்ணாக மட்டுமே தன்னைப் பற்றிக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, தன்னை ஒருவர் இவ்வளவு நெருக்கமாகக் கவனித்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

மண்ணில் இருந்த ஈயம்

டட்லியில் தோட்டம் போட வந்தவர்களுக்கு மண் பெரிய பாடம் வைத்திருந்தது. பழைய வீடுகளுக்கு அடித்த பெயிண்டில் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயிண்ட் தடை செய்யப்பட்டதே 1978-இல்தான். அந்த வீடுகள் எரிந்தபோதும் இடிந்தபோதும் ஈயம் மண்ணில் இறங்கியது. பல வருடம் ஓடிய வண்டிகளின் பெட்ரோலிலிருந்தும் வந்து சேர்ந்தது. ராக்ஸ்பரி, டார்செஸ்டர் பகுதிகளில் 141 வீட்டுத் தோட்டங்களின் மண்ணைச் சோதித்துப் பார்த்தபோது 81 சதவீதத் தோட்டங்களில் அன்றைய அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வரம்பைத் தாண்டி ஈயம் இருந்தது. வரம்பு பத்து லட்சத்துக்கு 400 பங்கு. 2024-இல் அந்த முகமையே அதை 200 ஆகக் குறைத்தது என்றால் நிலைமை எப்படி என்று யோசித்துக்கொள்ளலாம். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது.

வெல்லெஸ்லி கல்லூரியின் நிலவியல் பேராசிரியர் டேனியல் பிராபாண்டரும் அவருடன் இருந்தவர்களும் ஃபுட் புராஜெக்டோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். அசல் மண்ணில் நடாமல் மரச்சட்டம் அடித்து, அடியில் துணி விரித்து, மேலே நல்ல மண்ணும் மட்கு உரமும் நிரப்பிய மேட்டுப்பாத்தியில் நடுவதுதான் வழக்கமான தீர்வு. அது போதும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வு வேறு சொன்னது. தொடக்கத்தில் 150 பங்கு அளவில் இருந்த மேட்டுப்பாத்தி மண்ணில், நான்கே வருடத்தில் ஈயம் சராசரி 336 ஆகிவிட்டது. சுற்றியுள்ள மண்ணின் நுண்ணிய தூசியைக் காற்று தூக்கிவந்து பாத்தியில் போட்டிருக்கிறது. தீர்வும் அதே ஆய்வில் இருந்தது: வருடா வருடம் பாத்தியின் மேல்மண்ணை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வழித்தெடுத்துவிட வேண்டும்.

பாதிப்பு காயைச் சாப்பிடுவதால் வருவதைவிட மண் தூசி வாய்க்குள் போவதால் வருவதே மிக அதிகம் என்பதும் இந்த ஆய்வில் வெளிப்பட்டது. குழந்தைகளின் அன்றாட ஈய உள்ளெடுப்பில் வீட்டுத் தோட்டத்துக் காயின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். ஆகவே தோட்டத்தை மூட வேண்டியதில்லை. வெற்று மண் தெரியாமல் மரச்சில்லுகளைப் பரப்ப வேண்டும், கையைக் கழுவ வேண்டும், கீரையையும் கிழங்கையும் நன்றாக அலச வேண்டும். சந்தேகமான இடத்தில் கீரைக்குப் பதிலாகத் தக்காளி, கத்தரி மாதிரி காய்க்கும் செடிகளை வைக்க வேண்டும். ஈயம் வேரிலும் இலையிலும் தங்குகிற அளவுக்குக் காய்க்குப் போவதில்லை.

இளைஞர்களை ஈடுபடுத்துவது பற்றிய கட்டுரையில் ஈயத்துக்கு இத்தனை இடம் எதற்கு? ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் தெருவின் மண் ஏன் நஞ்சானது என்று கேட்க ஆரம்பித்தால், பெயிண்டில் தொடங்கி வங்கிக் கடன், தீவைப்பு, யார் எங்கே குடியிருக்க விடப்பட்டார்கள் என்பது வரை போகாமல் நிறுத்த முடியாது. உணவு நீதி என்று தலைப்புப் போட்டு நடத்தும் வகுப்பில் வராத ஆர்வம் இங்கே வருகிறது, ஏனென்றால் பாட்டி கீரை வைத்திருக்கும் மண் அது. ஃபுட் புராஜெக்ட் பின்னாளில் ‘பில்ட்-எ-கார்டன்’ என்று ஒரு திட்டம் வைத்து, பகுதி மக்களின் வீட்டு முற்றங்களில் மேட்டுப்பாத்தி கட்டிக்கொடுத்தது. பலகை சுமந்து, திருகாணி முறுக்கி, மண் கொட்டி அந்த வேலையைச் செய்தவர்களில் இந்தப் பிள்ளைகளும் உண்டு.

அந்த முற்றங்களில் சும்மா இருந்த மக்கள் யாருமில்லை. வறட்சியும் பஞ்சமும் கண்ட கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் டட்லியின் சந்துகளில் முன்பே மக்காச்சோளமும் அவரையும் போட்டுக்கொண்டிருந்தன. தெற்கு மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த கறுப்பின முதியவர்கள் காலர்ட் கீரை வளர்த்தார்கள். விவசாயம் தெரிந்தவர்கள் தெருவில் நிறைந்திருந்தார்கள். அந்தத் தெருவைத் திட்டங்கள் எல்லாம் ‘ஒன்றுமில்லாத பகுதி’ என்று எழுதிக்கொண்டிருந்தன.

யாருக்கு விற்பது

லிங்கனில் விளைவதில் ஒரு பகுதி, பருவம் முழுக்கச் சந்தா கட்டி வாரம் ஒரு பெட்டி வாங்கும் குடும்பங்களுக்குப் போகிறது. ஒரு பகுதி இலவச உணவுக்கூடங்களுக்கும் வீடற்றோர் விடுதிகளுக்கும். இன்னொரு பகுதி டட்லியின் சந்தைக்கு. கோடையில் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் அந்த உணவுக்கூடங்களில் வேலை செய்வார்கள். தாங்கள் பறித்த லெட்யூஸ் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று நேரில் பார்ப்பார்கள். இதை வைத்த ஆளுக்கு நான் கை கொடுப்பேன். வயலில் வேலை சலித்துப்போகும் மூன்றாவது வாரத்தில், ‘ஏன் இதைச் செய்கிறோம்’ என்ற கேள்விக்கு வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

டட்லி சந்தையில் விலை பிரச்சினையானது. நல்ல காயை, வளர்த்த செலவுக்கு விற்றால் பகுதி மக்களால் வாங்க முடியாது. அவர்களால் வாங்க முடிகிற விலைக்குக் கொடுத்தால் பண்ணை நடக்காது. 2008-இல் பாஸ்டன் நகர நிர்வாகமும் ஃபுட் புராஜெக்டும் சேர்ந்து ‘பாஸ்டன் பௌண்டி பக்ஸ்’ திட்டத்தைக் கொண்டுவந்தன. அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்பவர் உழவர் சந்தையில் செலவழிக்கும் பணத்துக்கு, ஒரு வரம்பு வரை, இணையான தொகை சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பத்து டாலர் எடுத்தால் இருபது டாலருக்குக் காய். 2017-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுமைக்கும் இதே போன்ற ஊக்கத் திட்டம் வந்தது. சந்தைக் கடையில் நின்று அட்டையைத் தேய்த்துக் கணக்குப் பார்த்த பிள்ளைகளுக்கு, அரசுக் கொள்கை என்பது செய்தித்தாளில் வரும் தூரத்து விஷயமாக இருந்திருக்காது.

2010-இல் டட்லியிலேயே 10,000 சதுர அடி பசுமைக் கூடத்தை இந்த அமைப்பு நடத்தத் தொடங்கியது. கூடத்தில் ஒரு பகுதி விற்பனைப் பயிருக்கு, ஒரு பகுதி பகுதி மக்கள் சொந்தமாக வளர்த்துக்கொள்ள. மாசசூசெட்ஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை திறந்த வெளியில் பெரிதாக ஒன்றும் முளைக்காது. ஆறு மாதம் வேலையில்லாத தோட்டத்தில் பிள்ளைகளைக் கட்டிப்போட முடியாது என்பதால், கூரைக்குள் தொடரும் இந்த வேலைக்கு மதிப்பு அதிகம்.

மற்ற ஊர்களில்

இதே காலத்தில் வேறு இடங்களில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகும். 1992 கலவரத்துக்குப் பிறகு, லாஸ் ஏஞ்சலஸின் கிரென்ஷா உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை டாமி பேர்டின் மாணவர்கள் பள்ளிக்குப் பின்னால் கால் ஏக்கர் நிலத்தில் காய்கறி போட்டார்கள். முதலில் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள், பிறகு சந்தையில் விற்றார்கள். காய்கறியில் லாபம் நிற்கவில்லை. அப்போது அவர்களே யோசித்து சாலட் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்கைச் சொந்தப் பெயரில் போத்தலில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு விற்றார்கள். லாபத்தில் பாதி தங்கள் கல்லூரிப் படிப்புக்கு. கொஞ்சம் நிலத்தில் கீரை விற்றுப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கிரென்ஷாவைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கின் ரெட் ஹுக்கில் ‘ஆடட் வேல்யூ’ என்ற அமைப்பு 2003-இல் ஒரு பழைய விளையாட்டுத் திடலை எடுத்துக்கொண்டது. 2.75 ஏக்கர் தார்த்தளம். தாரைப் பெயர்க்காமல் அதன் மேலேயே மண்ணும் மட்கு உரமும் கொட்டிப் பண்ணையாக்கினார்கள். பகுதிப் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடலையே உள்ளே கொண்டுவந்து பயிரை அழித்தது. திரும்பவும் மண் போட்டுத் தொடங்கினார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் பேவியூ ஹண்டர்ஸ் பாயிண்டில் பிள்ளைகள் தொடங்கியது செடியிலிருந்து இல்லை, கடையிலிருந்து. அந்தப் பகுதியில் மூலைக்கு மூலை சிறு கடைகள் இருந்தன. சிகரெட்டும் மதுவும் சிப்ஸும் நிறைந்திருந்தன, நல்ல காய் இல்லை. ‘லிட்டரசி ஃபார் என்விரான்மென்டல் ஜஸ்டிஸ்’ அமைப்பின் பதின்ம வயதுப் பிள்ளைகள் கடை கடையாகப் போய் எந்த அலமாரியில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். பெரிய சிகரெட் கம்பெனிகள் பொட்டல உணவுக் கம்பெனிகளையும் வைத்திருந்த காலம் அது. ஃபிலிப் மோரிஸின் கையில்தான் கிராஃப்ட் இருந்தது. சிகரெட், மது விளம்பரப் பலகையைக் குறைத்து, காய்கறி வைக்கச் சம்மதிக்கும் கடைக்காரருக்கு உதவி செய்யும் திட்டம் அந்த அளவெடுப்பிலிருந்து பிறந்தது. 2006-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் சிறு கடைகளில் நல்ல உணவை ஊக்குவிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நிலமே கிடைக்காத நகரத்தில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த நல்ல தொடக்கம் இதுதான். ஒரு நோட்டு, ஒரு பேனா, நடந்துபோகும் தூரத்தில் பத்துக் கடை போதும்.

இப்படிப்பட்ட குழுக்களின் பிள்ளைகள் ‘ரூட்டட் இன் கம்யூனிட்டி’ என்ற வலையமைப்பில் கூடி, 2011-இல் ஃபிலடெல்ஃபியாவில் இளைஞர் உணவு உரிமைச் சாசனம் ஒன்றை எழுதினார்கள்.

குறைகளும் கேள்விகளும்

கறுப்பினப் பிள்ளைகளை வயலில் குனியச் சொல்வது அமெரிக்காவில் சாதாரண விஷயமில்லை. அடிமைத்தனமும் அதற்குப் பின் வந்த குத்தகைக் கொத்தடிமை முறையும் பாட்டன் பாட்டி நினைவில் இருக்கின்றன. ‘இதிலிருந்து தப்பிக்கத்தானே வடக்கே வந்தோம்’ என்று ஒரு வீட்டில் சொன்னால் அதற்குச் சட்டென்று பதில் கிடையாது. அதோடு, இந்த மாதிரி அமைப்புகளைத் தொடங்கியவர்களும் நடத்தியவர்களும் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஃபுட் புராஜெக்ட் இன வேறுபாடு பற்றிய பட்டறைகளை வேலையின் பகுதியாகவே வைத்தது. அது போதுமா என்ற விவாதம் உணவு இயக்கத்துக்குள் இன்னும் சூடாகவே இருக்கிறது. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போனவர் லியா பெனிமன். 1996-இல், பதினாறு வயதில், ஃபுட் புராஜெக்டில் கோடை வேலைக்குச் சேர்ந்தவர். 2010-இல் நியூயார்க் மாநிலத்தில் ‘சோல் ஃபயர் ஃபார்ம்’ என்ற பண்ணையை இணைந்து நிறுவினார். ஆல்பனி, டிராய் நகரங்களின் ஏழைப் பகுதிகளுக்கு வாசலிலேயே காய்கறி கொண்டுபோய்க் கொடுத்தார்கள்; கறுப்பின, பழங்குடி, லத்தீன் இளைஞர்களுக்கு விவசாயப் பயிற்சி கொடுக்கிறார்கள். நிலத்தில் பட்ட அடிமை வரலாறு பத்தாயிரம் வருட விவசாய அறிவை மறைத்துவிடக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

அளவு இன்னொரு குறை. இந்த அமைப்பு வருடத்துக்கு வேலை கொடுப்பது சுமார் 120 பிள்ளைகளுக்கு. சிறு குழு, நெருக்கமான கவனிப்பு, சம்பளம் என்று வைத்தால் எண்ணிக்கை ஏறாது. ஆயிரம் பேருக்கு ஒருநாள் முகாம் நடத்தியவர்களின் அறிக்கை பார்க்கப் பெரிதாக இருக்கும். நன்கொடையாளர்கள் அந்த எண்ணையே விரும்புவார்கள்.

பலன் பற்றியும் கவனமாகப் பேச வேண்டும். விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்கு வந்து நிற்கும் பிள்ளை ஏற்கெனவே கொஞ்சம் முனைப்புள்ள பிள்ளை. பின்னாளில் அவர்கள் நன்றாக இருந்தால் தோட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இங்கே உதவிக்கு வருவது பாஸ்டன் நகரத்தின் கோடைகால இளைஞர் வேலைத் திட்டம் பற்றிய ஆய்வு. அதில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அலிசியா மொடெஸ்டினோ, 2015 கோடையில் வேலை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார். அடுத்த 17 மாதங்களில் வன்முறைக் குற்ற வழக்குகள் வேலை கிடைத்தவர்களிடம் 35 சதவீதம் குறைவு. அவர்கள் செய்தது எல்லா வகை வேலையும்; தோட்டம் மட்டுமில்லை. ஆனால் ஒரு கோடைகாலச் சம்பள வேலை, நம்பி வேலை கொடுக்கும் ஒரு பெரியவர், இந்த இரண்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று அந்த நகரத்தில் இல்லை.

சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான் கடைசியில் எல்லாத் திட்டத்தையும் தடுமாற வைக்கிறது. காய்கறி விற்ற பணம் அதற்குக் காணாது. ஃபுட் புராஜெக்டே நன்கொடையையும் மானியத்தையும் நம்பித்தான் நடக்கிறது. நெருக்கடி வந்தால் நிர்வாகிகள் கை வைக்க நினைக்கும் முதல் செலவு பிள்ளைகளின் சம்பளமாகவே இருக்கும், ஏனென்றால் பிள்ளைகள் வாய் திறந்து சண்டை போட மாட்டார்கள். அதை வெட்டினாலும் தோட்டம் அடுத்த கோடையிலும் பச்சையாக இருக்கும், போட்டோவிலும் நன்றாகவே தெரியும். வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் போன வருடப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எந்தத் தெருப் பிள்ளைகள் காணவில்லை என்பது புரியும்.